வார் புதுசு, பின் பழசு: மூன்று வாட்சுகளின் வேலைப் பதிவு

மேசையில் மூன்று வாட்ச். முதலாவது ஓசூர் டைட்டன், பேட்டரியில் ஓடுவது. தோல் வார் பக்கிள் துளையில் வாய் பிளந்துவிட்டது. இரண்டாவது எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கும் ரகம், 17 கல். வார் உளுத்துப்போய், வாரை வாட்சோடு பிணைக்கும் பின் ஒரு பக்கம் துருவேறி அசைய மறுக்கிறது. மூன்றாவது புது ஸ்டீல் செயின் வாட்ச். மணிக்கட்டில் வளையல் மாதிரி சுழல்கிறது, இரண்டு கண்ணி கழற்ற வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் எந்த அலமாரியைத் திறந்தாலும் அநேகமாக இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

டைட்டனை உள்ளூர்ச் சரக்கு என்றே சொல்லலாம். டாடாவும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் கைகோத்து 1984-ல் தொடங்கிய கம்பெனி, ஆலை ஓசூரில். அன்றைக்கு ஓசூர் தர்மபுரி மாவட்டம்தான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதோடு போய்விட்டது.

கையிலிருந்து நழுவி விழுந்து கண்ணாடி உடைந்த வாட்சுகளைப் புரட்டிப் பாருங்கள். வார் அறுந்து விழுந்தது குறைவாகவே இருக்கும். தோல் அறுவதற்கு மாதக்கணக்கில் அறிகுறி காட்டும்: வெடிக்கும், நூல் பிரியும், துளை இழுபடும். பின் எதுவுமே காட்டாது. நேற்று வரை பிடித்துக்கொண்டிருந்தது, இன்று பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போது விட்டுவிடும். ஆனாலும் வாரைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள், பழைய பின்னையே துடைத்துத் திரும்பப் போடுகிறார்கள். பின் ஜோடி இரண்டு டீ விலைகூட இருக்காது.

பின் எப்படிக் கெடுகிறது

ஸ்பிரிங் பின் என்பது ஒரு சின்னக் குழாய். தடிமன் பெரும்பாலும் 1.5 மி.மீ., கொஞ்சம் கனமானது 1.8 மி.மீ. உள்ளே ஒரு சுருள் கம்பி. இரண்டு முனையிலும் 0.8 மி.மீ. அளவில் ஒல்லியான மூக்கு. மூக்குக்குப் பின்னால் மோதிரம் போட்ட மாதிரி ஒரு விளிம்பு. கழற்றும் கருவியின் இரட்டைப்பல் நுனியான கவை பிடிப்பது அந்த விளிம்பைத்தான். மூக்கை அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் துள்ளி வெளியே வந்து வாட்சின் காதில் உள்ள துளையில் உட்காரும். காது என்று இங்கே சொல்வது, வாட்சின் உடலான கேஸிலிருந்து மேலும் கீழும் நீண்டு வாரைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளை.

வியர்வை மூக்கு வழியாகக் குழாய்க்குள் இறங்கும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். வெளிக்குழாய் பளபளவென்று இருக்க, உள்ளே சுருள் கம்பி அரித்துக்கொண்டிருக்கும். கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் வாட்சில் இன்னொரு தொல்லை: கல்மாவு தண்ணீரோடு சேர்ந்து சேறாகி மூக்கைச் சுற்றி இறுகிவிடும், பின் அமுங்கவே அமுங்காது. மாம்பழக் கூழ் ஆலைச் சீசனில் புளிப்புச் சாறும் மாம்பாலும் வாரின் அடியில் ஊறும். ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வாட்சைக் கழற்ற மறந்தால் தோல் வாரின் ஆயுள் அன்றோடு பாதி.

பின்னைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். வெளியே எடுத்து, ஒரு மூக்கை மேசையில் ஊன்றி, மறுமூக்கை நகத்தால் அமுக்குங்கள். விட்டதும் டக்கென்று துள்ளி வர வேண்டும். சோம்பலாக வந்தாலோ, உள்ளேயே நின்றாலோ குப்பைக்கு. அடுத்து, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். நேரான பின் சத்தமில்லாமல் ஓடும்; வளைந்தது தடக் தடக்கென்று நொண்டும். இந்த மூன்று வாட்சுகளிலும் வார்ப்பக்கப் பின்கள் ஆறு. கழற்றிப் பார்த்ததில் இரண்டு சோம்பல், ஒன்று நொண்டி, ஒன்று துருக்கட்டி. தேறியவை புது வாட்சின் இரண்டு மட்டும்.

கருவி

ஸ்பிரிங் பின் கருவி ஒன்று வேண்டும்: ஒரு முனையில் கவை, மறுமுனையில் ஊசி. ஆன்லைனில் வரும் மலிவு செட்டில் கவை தடிமனாக இருக்கும். தோல் வாருக்கும் காதுக்கும் நடுவில் உள்ள அரை மி.மீ. சந்தில் நுழையாது. சாணைக்கல்லில் இரண்டு பக்கமும் தேய்த்து மெலிதாக்கிவிட்டால் நல்ல கருவி.

செட் வாங்க மனமில்லை என்றால் சாக்கு தைக்கும் ஊசி இருக்கிறதே, அதன் காதை நடுவில் குறுக்காக நறுக்கினால் இரண்டு பல் உள்ள கவை தானாகவே கிடைக்கும். போச்சம்பள்ளிச் சந்தை மாதிரி எந்தச் சந்தையிலும் கிடைக்கிற ஊசி. பற்களின் நீளம் ஒரு மி.மீ. இருந்தால் போதும்; நுனியைக் கல்லில் தேய்த்துச் சமமாக்கி, கூர்ப்பக்கத்தை ஒரு மரக்கைப்பிடியில் அடித்து இறக்கிவிடுங்கள். கத்தி முனை வேண்டாம். கத்தி வழுக்கினால் முதலில் காதில் கீறல், அடுத்து கட்டைவிரலில்.

காதுகளுக்கு மேல் ஒட்ட டேப். பெயின்டர் டேப் நல்லது. இல்லாவிட்டால் மெடிக்கலில் வாங்கும் காகித டேப். செல்லோடேப் பிசின் விட்டுப்போகும். விரிப்பு வெள்ளை வேட்டியாக இருக்கட்டும், நான்காக மடித்து. ஓரத்தைச் சுருட்டி வரப்பு மாதிரி விட்டால் பின் உருண்டு ஓடாது. முதல் தடவை செய்கிறவர் வாட்சையும் கைகளையும் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் விட்டுக்கொண்டே வேலை செய்யலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பின் கூரைக்குப் பறந்தபின் தேடுவதைவிட அது மேல்.

அப்படியும் பறந்துவிட்டால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து அடியுங்கள். ஒன்றரை மி.மீ. பின்னுக்கு ஒரு சாண் நிழல் விழும். காந்தம் தேடி ஓட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் பின் பலவற்றைக் காந்தம் சரியாக இழுக்காது; சாவி கொடுக்கும் வாட்ச் பக்கத்தில் காந்தம் வந்தாலோ உள்ளே நேரத்தைச் சீராக்கும் மயிர்ச் சுருள் காந்தமேறி, நேரம் வேகமாக ஓட ஆரம்பிக்கும்.

அளவு

இரண்டு காதுகளுக்கு நடுவே உள்ள உள்இடைவெளிதான் வாரின் அளவு. ஆண்கள் வாட்சில் 18, 20, 22 மி.மீ.; பெண்கள் வாட்சில் 12, 14, 16 பொதுவாக. நடுவே 19, 21 என்று சில உண்டு, தகராறு எல்லாம் அங்கேதான். பழைய வாரின் அகலத்தை அளந்து நம்பக்கூடாது. தோல் அமுங்கி விரிந்திருக்கும். வெர்னியர் இல்லாத வீட்டில் ஸ்கேலைக் காதுக்கு நடுவே வைத்துக் கண்ணால் பார்த்தால் ஒரு மி.மீ. தவறும். அதற்குப் பதில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு நறுக்கி, காதுகளுக்கு நடுவே லேசாகச் சிக்கி நிற்கும் வரை ஓரத்தைச் சீவுங்கள். பிறகு அந்த அட்டையை ஸ்கேலில் வைத்து அளக்கலாம். டைட்டன் 20, எச்.எம்.டி. 18, செயின் வாட்ச் 22.

19 இடைவெளிக்கு 20 வார் தோலாக இருந்தால் அமுக்கிப் போடலாம், அல்லது மூட்டுப் பகுதியில் மட்டும் ஓரத்துக்கு அரை மி.மீ. பிளேடால் சீவலாம். பின் மட்டும் 19-ஆகவே இருக்க வேண்டும். மறுபக்கம், 20 இடைவெளியில் 18 வாரைப் போட்டுவிட்டு ‘உட்கார்ந்துவிட்டதே’ என்று திருப்திப்படுவது தப்பு. வார் பின்மேல் இடமும் வலமும் ஓடும். பின் நடுவில் வளையும். வளைந்த பின்னின் மூக்கு துளையை விட்டு அரை மி.மீ. பின்வாங்கும். மிச்சம் இருப்பது அரை மி.மீ. பிடிப்பு.

நீளமும் பாருங்கள். சாதாரண ஆண்கள் வாரில் பக்கிள் துண்டு 75 மி.மீ., துளைத் துண்டு 115 மி.மீ. வாக்கில் வரும். ஒல்லி மணிக்கட்டுக்கு இது பெரிது. கடைசித் துளையில் மாட்டினால் வாரின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். 16 செ.மீ.க்குக் குறைந்த மணிக்கட்டு என்றால் குட்டை வார் கேட்டு வாங்குவது உத்தமம்.

இன்னொன்று. வார் முனை நேர்கோடாக இல்லாமல், நடுவில் பல் மாதிரி குறுகி கேஸுக்குள் நுழைகிற மாடல்கள் உண்டு. பல ஃபாஸ்ட்ராக், ஜி-ஷாக் ரகங்கள் இப்படி. அதற்குப் பொது வார் பொருந்தாது. அந்த மாடலின் வாரையே தேட வேண்டும். வாங்கும் முன் வாட்சைத் திருப்பிப் பார்க்காதவர்கள் கடைக்கு இரண்டு நடை நடப்பார்கள்.

டைட்டன்: தோலுக்குத் தோல்

வாட்சைக் கண்ணாடி கீழே, முதுகு மேலே இருக்கும்படி வேட்டிமேல் கவிழ்த்தாயிற்று. சாவி உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வாரின் முனைக்கும் காதுக்கும் இடையே கவையை நுழைத்து, பின்னின் விளிம்பைப் பிடித்து, கவையை வாரின் நடுப்பக்கமாகத் தள்ள வேண்டும். நெம்பக் கூடாது, தள்ளுவது மட்டும்தான். மூக்கு உள்ளே போனதும், கட்டைவிரலால் வாரை லேசாக மேலே தூக்கினால் அந்த முனை துளையை விட்டு வெளியேறும். இந்த இடத்தில்தான் பின் பறக்கும். ஆட்காட்டி விரலைக் காதின்மேல் மூடிபோல வைத்துக்கொண்டே தூக்குங்கள்.

கழற்றிய வாரில் பின் ஓடும் துளையைச் சுற்றித் தோல் கன்னங்கரேலென்று இருந்தது. அது அழுக்கு இல்லை. கடுக்காய் போன்ற மரச்சாயத்தில் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து இருக்கும்; பின்னின் துரு அதோடு சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை செய்த அதே வித்தை. வாரின் அடியில் இந்தக் கறுப்பைக் கண்டால் பின் உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

காதுகளின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மசியல் படிந்திருக்கும். தோல் எண்ணெய், தூசி, சோப்பு எல்லாம் சேர்ந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, காய்ந்த டூத்பிரஷால் தேய்த்தாலே போய்விடும். துளைக்குள்ளும் குச்சி முனையை விட்டுச் சுழற்றுங்கள். துளையில் மண் இருந்தால் மூக்கு முழுசாக இறங்காது. இறங்கின மாதிரி நடிக்கும்.

புது வார் எந்தப் பக்கம் எது: பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 மணிப் பக்கம், துளை உள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கம். பின்னை முதலில் வாரின் துளையில் விட்டு, இரண்டு மூக்கும் சமமாக வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். சில புது வார்களில் துளைக்குள் பசை கட்டியிருக்கும், 1.5 மி.மீ. கம்பி ஒன்றை விட்டு ஒருதரம் உருவினால் வழி திறக்கும். பிறகு ஒரு மூக்கைத் தூரத்துக் காதின் துளையில் ஊன்றி, கிட்டத்து மூக்கைக் கவையால் அமுக்கி, வாரைக் கீழே இறக்குங்கள். கவையை எடுத்ததும் வாரை ஒரு நூலளவு இப்படியும் அப்படியும் நகர்த்தினால் மூக்கு துளையைக் கண்டுபிடிக்கும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், விரலிலும் தெரியும்.

சத்தம் கேட்டதை வைத்து முடித்துவிடாதீர்கள். வாட்சை இடது கையில் பிடித்து, வாரை நேராக இழுங்கள். பிறகு 12 மணிப் பக்கம், 6 மணிப் பக்கம் இரண்டையும் ஈரத்துணி பிழிகிற மாதிரி மாற்றி மாற்றி முறுக்குங்கள். அரைகுறையாக உட்கார்ந்த பின் இந்த முறுக்கலில் வெளியே வந்துவிடும். வேட்டியின் மேல் விழுந்தால் நட்டமில்லை.

பக்கிளிலும் ஒரு பின் இருக்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள். பக்கிளின் நாக்கு சுழலுவது அதன்மேல்தான். 20 மி.மீ. வார் பக்கிள் பக்கம் 18 ஆகக் குறுகியிருந்தால் அங்கே 18 பின். பழைய வாரின் நல்ல ஸ்டீல் பக்கிளைப் புது வாருக்கு மாற்றுவதும் நல்ல யோசனையே. மலிவு வாரில் வரும் பக்கிள் முலாம் பூசிய பித்தளை, ஒரு கோடையிலேயே முலாம் தேய்ந்து பச்சைக் களிம்பு ஏறும். சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். முலாமில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நிச்சயம்.

துளை போதவில்லை என்றால் 2 மி.மீ. துளைக் கருவியால் அடிக்க வேண்டும், மற்ற துளைகளுக்கு உள்ள இடைவெளியையே விட்டு. இந்த வாரில் அது 6 மி.மீ. கருவி இல்லையா, பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்தால் ஒரே அடி. காய்ச்சிய ஆணியால் ஓட்டை போடுவது மட்டும் வேண்டாம்: ஓரம் கருகிக் கட்டியாகி, இரண்டு மாதத்தில் அங்கிருந்தே வெடிப்பு ஓடும். பழைய வார் வாய் பிளந்ததும் அப்படி ஒரு ஆணித் துளையில்தான்.

மொத்தம் இருபது நிமிடம். அதில் சுத்தம் செய்தது பாதி.

எச்.எம்.டி.: துருக்கட்டிய பின்

எச்.எம்.டி. வாட்ச் தொழில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கியது. ஜனதா அந்தக் குடும்பத்தில் எளியது. சாவி கொடுத்தால் ஓடும். இதற்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஈரப் பிரஷ் கூடாது. துரு நீக்கும் ஸ்பிரேயை நேராக அடிப்பது அறவே கூடாது. பின்மூடிச் சந்து வழியாக எண்ணெய் உள்ளே போனால் மயிர்ச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். வார் மாற்ற வந்த வேலை, வாட்சையே பிரித்துக் கழுவும் வேலையாகிவிடும்.

வாரை முதலில் பிளேடால் பின்னை ஒட்டி நீளவாக்கில் கீறி உரித்தாயிற்று. இனி பின் மட்டும் அம்மணமாக நிற்கிறது. 12 மணிப் பக்கத்தது கவைக்கு மசிந்தது. 6 மணிப் பக்கத்ததில் வலது மூக்கு மசியவில்லை. துருநீக்கி எண்ணெயை ஒரு மூடியில் ஊற்றி, தையல் ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு எடுத்து மூக்கும் காதும் சேரும் இடத்தில் வைத்து, வாட்சை அந்தக் காது கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்தி, ஒரு இரவு விட வேண்டும். கேஸின் பக்கம் எண்ணெய் ஓடாமல் இருக்கவே இந்தச் சாய்வு.

காலையிலும் அசையவில்லை. அடுத்த வழி வெட்டுவது. சின்ன கட்டிங் பிளையரால் குழாயை நடுவில் நறுக்கினால் சுருள் கம்பி துள்ளும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெட்டும் இடத்தில் துணியைப் போர்த்துங்கள். இடப்பாதி தானாக விழுந்தது. வலப்பாதிக் குழாயைக் குறடால் பிடித்து உருவியதும், மூக்கின் தண்டு ஒரு மூன்று மி.மீ. காதிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. அதை இழுக்கக் கூடாது. இழுத்தால் துளை மட்டத்திலேயே ஒடிந்து, பிடிக்க ஒன்றுமே இருக்காது. மூக்குக் குறடால் பிடித்து, முதலில் இடமும் வலமுமாகக் கால் சுற்று முறுக்க வேண்டும். ‘கிறுக்’ என்று துரு உடையும் சத்தம் வந்தபின் சுழற்றிக்கொண்டே வெளியே எடுத்தால் முழுசாக வரும். இங்கே ஐந்தாறு முறுக்கலில் வந்தது.

ஒடிந்தே விட்டால்? காதின் வெளிப்பக்கமும் துளை தெரிகிற வாட்சாக இருந்தால் வெளியிலிருந்து 0.8 மி.மீ. ஊசியால் தட்டிவிடலாம். உள்ளே மட்டும் துளை உள்ள காது என்றால் வாட்ச் ரிப்பேர்காரர் வேலை அது. பழைய ரிப்பேர்காரர்களிடம் படிகார வைத்தியம் ஒன்று உண்டு: சூடான படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒடிந்த ஸ்டீல் துண்டு கரைந்துவிடும், பித்தளை அப்படியே நிற்கும். ஆனால் அது, மெஷின் மொத்தத்தையும் வெளியே எடுத்து, ஸ்டீல் பாகம் ஒன்றுமில்லாத வெறும் பித்தளைக்குச் செய்கிற வைத்தியம். முலாம் பூசிய கேஸைப் படிகாரத்தில் போட்டால் முலாம் போய்விடும். வீட்டில் இதை முயல வேண்டாம்.

துளையில் மிச்சத் துருவைக் குச்சியால் சுரண்டி, துணி நுனியால் எண்ணெயை ஒற்றி எடுத்தபின் புதுப் பின். துளைகள் வருடக்கணக்கில் தேய்ந்து கொஞ்சம் அகன்றிருந்தன, 1.5 பின் போட்டு ஆட்டினால் லொடலொட என்றது. 1.8 மி.மீ. பின்னில் மூக்கும் சற்றே தடிமனாக வருகிற ரகம் கிடைத்ததால் அதைப் போட்டதும் ஆட்டம் நின்றது. தடிமன் பின் வாங்கும்போது மூக்கின் தடிமனையும் கேட்டு வாங்குங்கள்; குழாய் மட்டும் தடித்து மூக்கு பழையபடி 0.8 என்றால் பிரயோசனம் இல்லை. வாரின் துளையில் 1.8 நுழைகிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தேய்ந்த காது உள்ள பழைய வாட்சுக்கு நைலான் பட்டையைத்தான் சிபாரிசு செய்வோம். ஒரே நீளத் துண்டு, இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைந்து வாட்சின் முதுகு வழியாக ஓடுவது. பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் இதற்கென்று தர விதியே வெளியிட்டது. ஒரு பின் விட்டாலும் மற்றப் பின் பிடித்துக்கொள்ளும், வாட்ச் தரைக்குப் போகாது. குறை என்னவென்றால் வாட்ச் கையில் இரண்டு மி.மீ. உயர்ந்து நிற்கும்; வியர்வை ஊறிய நைலானை வாரம் ஒருதரம் சோப்புப் போட்டுக் கசக்காவிட்டால் பக்கத்தில் உட்கார முடியாது.

செயின்: இரண்டு கண்ணி

மணிக்கட்டை நூலால் சுற்றி அளந்தால் 168 மி.மீ. பூட்டிய செயினின் உள்சுற்று 195. வித்தியாசம் 27. ஒரு கண்ணி 9 மி.மீ. மூன்று கண்ணி எடுத்தால் கணக்கு நேராகும், கை வலிக்கும். தர்மபுரி வெயிலில் மத்தியானம் மணிக்கட்டு காலையில் இருந்ததைவிடத் தடித்திருக்கும். செயினுக்கு எட்டு பத்து மி.மீ. தளர்வு வேண்டும், சுண்டுவிரல் நுனி அடியில் நுழைய வேண்டும். ஆகவே இரண்டு கண்ணி, பக்கத்துக்கு ஒன்று. ஒற்றைப்படையில் எடுக்க நேர்ந்தால் 6 மணிப் பக்கம் ஒன்று கூடுதலாக எடுங்கள். பூட்டு மணிக்கட்டின் நடுவில் உட்காரும்.

செயினின் உள்பக்கம் சில கண்ணிகளில் மட்டும் அம்புக்குறி இருக்கும். அவைதான் கழற்றக்கூடியவை, கேஸை ஒட்டிய கண்ணிகளில் அம்பு இருக்காது, அவற்றைத் தொட வேண்டாம். அம்பு காட்டும் திசையில் பின்னைத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும்; திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசை. எந்த முனை முதலில் வெளியே வந்ததோ அது கடைசியில் உள்ளே போக வேண்டும். இந்த ஒன்றைக் குழப்பிக்கொண்டு, பிளவுள்ள தடித்த முனையை முதலில் அடித்து இறக்கிச் செயினின் துளையைப் பெரிதாக்கியவர்கள் ஏராளம்.

திருகு வைத்த பிளாஸ்டிக் கண்ணி கழற்றி மலிவாகக் கிடைக்கும், வேலைக்கு ஆகும். ஆனால் அதன் ஊசி பின்னுக்கு நேர்கோட்டில் நிற்கவில்லை என்றால் முதல் திருகலிலேயே ஊசி வளையும். அடியில் அட்டைத் துண்டுகளைக் கொடுத்துச் செயினை உயர்த்தி, ஊசி பின்னின் நட்ட நடுவில் படுகிறதா என்று பக்கவாட்டில் பார்த்தபின் திருகுங்கள். முதல் அரைச் சுற்று இறுக்கமாக இருக்கும், பிறகு ‘டப்’ என்று விடும். விடவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். அம்புத் திசையை மறுபடி பாருங்கள். ஒரு கண்ணி எடுக்க இரண்டு பின் கழற்ற வேண்டும் என்பதால் மொத்தம் நான்கு பின் வெளியே வந்தன. நான்கில் ஒன்றின் பிளவு அமுங்கி மூடியிருந்தது. பிளேடு முனையை வைத்து ஒரு மயிரிழை விரித்த பின்புதான் அது இறுக்கமாகப் போனது.

கடைசி இரண்டு மி.மீ. சின்னச் சுத்தியலால் தட்டித்தான் இறங்க வேண்டும். விரலாலேயே முழுசாகத் தள்ள முடிந்தால் எங்கோ தப்பு. சில சீக்கோ செயின்களில் பின் வழவழப்பான வெறும் கம்பி. அதைப் பிடித்திருப்பது கண்ணியின் நடுவில் உள்ள ஒரு குட்டிக் குழாய், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. பின்னைத் தள்ளும்போது அது சத்தமில்லாமல் மேசையில் விழும், தூசி என்று ஊதிவிடுவார்கள். குழாய் இல்லாமல் பின் நிற்காது. வெள்ளை வேட்டி விரிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இரண்டு கண்ணி போனபின் உள்சுற்று 177. மூடிபோல மடியும் பூட்டின் பக்கத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கின்றன அல்லவா, அவை நுண் அளவுக்கு. கருவியின் ஊசி முனையால் பின்னை வெளியிலிருந்து அமுக்கி அடுத்த துளைக்கு நகர்த்தினால் இரண்டரை மி.மீ. மாறும். வெயில் காலத்தில் ஒரு துளை தளர்த்தி, மார்கழியில் ஒரு துளை இறுக்கிக்கொள்ளலாம். ஓசூர்க் குளிருக்கு இது அவசியமே. பட்டாம்பூச்சிப் பூட்டு என்றால் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அதில் அரைக் கண்ணி இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

செயினை மாட்டி, கையைத் தொங்கவிட்டு உதறிப் பார்த்தால் வாட்ச் விரல் பக்கம் ஒரு விரல்கடை இறங்கி நிற்க வேண்டும். உள்ளங்கை எலும்பைத் தாண்டினால் தளர்வு. அசையவே இல்லை என்றால் இறுக்கம். ஒரு வாரம் கழித்து, திரும்பப் போட்ட இரண்டு பின்னையும் நகத்தால் தடவுங்கள். செயினின் ஓரத்தைவிட ஒரு பின் துருத்திக்கொண்டு நகத்தில் தட்டுப்பட்டால் அது வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டது. மறுபடி தட்டுவதில் பயனில்லை, பின்னை மாற்றிவிடுங்கள்.

கழற்றிய இரண்டு கண்ணியும் இரண்டு பின்னும் ஜிப் கவரில். கவரின் மேல் வாட்சின் முதுகில் உள்ள மாடல் எண்ணும் ‘22’ என்ற அளவும் பேனாவால் எழுதியாயிற்று. இந்தச் செயினை நிறுத்திவிட்டு வேறு மாடல் வந்துவிட்டால் ஒற்றைக் கண்ணி எங்கே தேடினாலும் கிடைக்காது. தேறாத பழைய பின்கள் நான்கையும் குறடால் வளைத்துவிட்டே போட்டது. நேராக விட்டால் அடுத்த வார் மாற்றும்போது யாராவது எடுத்துத் துடைத்து மாட்டிவிடுவார்கள்.